விசிலக்கா தம்பியைக் குணப்படுத்திய கதை

பேருந்து நிலையத்தின் வடக்கு மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டும். அதற்குள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளை ஓட்டுநர்களும் நடத்துநர்களும் விசிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நீளத் தாளில் குறிப்பது அவள் வேலை. நேரமாகிவிட்டால் விசில் ஊதுவாள். அதைக் கேட்டதும் டீக்கடையில் நிற்கிற ஓட்டுநர் மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடி வருவார். குடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்ன ஒரே ஓட்டுநர் மறுவாரமே மலைப்பாதைத் தடத்துக்கு மாற்றப்பட்டார். அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். யாரும் நம்புவதில்லை.

அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பகலெல்லாம் பிறர் எழுத்தில் தப்புக் கண்டுபிடிக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். திறந்து பயனில்லை என்று கல்யாணமான முதல் மாதமே தெரிந்துகொண்ட புத்திசாலி.

அடுத்து அவளுடைய தம்பி. எட்டு வயது இளையவன். முப்பத்தாறு ஆகியும் கல்யாணம் வேண்டாம் என்று, பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு துணிக்கடையின் மாடியில் தனியாக இருந்தான். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்துவது அவன் தொழில். அரை மில்லிமீட்டர் பிசகாது. அக்காவைக் கேலி செய்யும் துணிச்சல் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. "தூங்கறப்பவாவது வாட்ச்சைக் கழட்டுவியாக்கா?" என்று கேட்பான். அவள் கழற்றுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அந்தத் தம்பிதான் ஒருநாள் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்தான். வாங்கிப்போன பள்ளி ஆசிரியை, தரை சரிந்து தெரிகிறது என்று சுவரைப் பிடித்தபடியே கடைக்குத் திரும்பி வந்தார். அடுத்த வாரம் இன்னொருவருக்கும் அதே கதி. பிறகு தாமதமாகப் போனான். பிறகு போகவே இல்லை. அக்கா போன் செய்தால் மட்டும் எடுத்து, "வேலையா இருக்கேன்க்கா, அப்புறம் பேசுறேன்" என்றான். வேலையாக இருப்பவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவள் வாழ்க்கையில் கடைப்பிடித்த மிகச் சில கொள்கைகளில் ஒன்று. அதனால் விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் கண்ணாடிக் கடை முதலாளி நேரே கூண்டுக்குப் போன் செய்தார். "கோவமா கேக்கலைம்மா. தம்பிக்கு உடம்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்."

அக்கா பேனாவை மூடினாள். இரண்டு தெருவை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. தன்னிடமிருந்த மாற்றுச் சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். கதவு திறந்தது. பட்டப்பகலில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மேசையில், தரையில், ஜன்னல் விளிம்பில் என்று கழுவாத தம்ளர்கள். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முதுகு மூச்சுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். மூச்சு வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைக்கா."

"ஒண்ணும் ஆகாம ஒருத்தன் ஒன்பது நாள் படுப்பானா? கடையில யாராவது ஏதாவது சொன்னாங்களா? பொண்ணு விவகாரமா?"

"இல்ல."

"அப்ப எழுந்திரு."

"அதான் முடியலக்கா."

அதை அவன் சோகமாகக்கூடச் சொல்லவில்லை. பேருந்தில் டீசல் இல்லை என்று ஓட்டுநர் வந்து சொல்வதுபோல, தனக்குச் சம்பந்தமில்லாத செய்தியாகச் சொன்னான். அக்கா தம்ளர்களைப் பொறுக்கிக் கழுவத் தொடங்கினாள். பதினோரு தம்ளர். அந்த வீட்டில் அத்தனை தம்ளர் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

பக்கத்து மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு சரி, சர்க்கரை சரி, எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருப்பது அக்காவுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு எண் கூடவோ குறையவோ இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பாள். மருத்துவர் ஒரு மனநல மருத்துவரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மனநல மருத்துவர் குட்டையான, சுறுசுறுப்பான அம்மாள். முதலில் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தம்பியிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு, தம்பி சம்மதித்ததும், அவளையும் அழைத்தார். இது மனச்சோர்வு என்றார். சோம்பல் இல்லை, பிடிவாதம் இல்லை, காரணம் இல்லாமலும் வரும் என்றார்.

"மாத்திரை எழுதித் தர்றேன். கூடவே ஒரு ஆலோசகரையும் வாரம் ஒரு தடவை பார்த்துப் பேசட்டும்."

"ரெண்டுல எது டாக்டர் நல்லது?" என்று கேட்டாள் அக்கா. இரண்டு பேருந்து நின்றால் எது முதலில் கிளம்பும் என்பது தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

"லேசா இருந்தா பேச்சே போதும்னு ஆரம்பிப்போம். சிலருக்கு மாத்திரை மட்டுமே போதும். இவருக்கு இப்ப குளிக்கவே முடியல. இந்த நிலைமையில உக்காந்து பேசுறதுக்கே ஒரு தெம்பு வேணும். அதுக்கு மாத்திரை உதவும். ஆனா மனசு எந்தப் பக்கமா சரியுது, சரியறப்போ என்ன செய்யலாம்னு மாத்திரை சொல்லித் தராது. அதைப் பேசிப் பழகித்தான் கத்துக்கணும். ரெண்டும் சேர்ந்தா நல்லதுன்னு நான் நினைக்கிறேன். முடிவு இவரோடது."

"இவனோடதா?" என்றாள் அக்கா. குளிக்க முடியாதவனிடம் முடிவை எப்படி ஒப்படைப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஆமாம்மா. அவர் மனசு, அவர் உடம்பு."

தம்பி, "ரெண்டையும் பாக்குறேன்" என்றான். மாத்திரை வேலை செய்ய நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம், முதல் சில நாள் வாய் உலரும், குமட்டும், தானாக நிறுத்தக்கூடாது, தூக்கம் கெட்டாலோ மனசு இன்னும் மோசமானாலோ உடனே கூப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். தம்பி தலையாட்டினான். அக்கா குறிப்பெடுத்தாள்.

அன்று மாலையே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது.

அக்கா மாத்திரைக் கட்சி. மாத்திரை அவள் மனசுக்குப் பிடித்துப்போன பொருள். காலை எட்டு மணி, சாப்பிட்ட பிறகு, ஒன்று. நேரம் உண்டு, எண்ணிக்கை உண்டு, அட்டையில் குழி காலியானால் சாட்சி உண்டு. பேச்சுக்கு என்ன சாட்சி? இரண்டு பேர் ஒரு அறையில் ஐம்பது நிமிஷம் பேசுவதை அவள் தினமும் ஓட்டுநர்களின் ஓய்வறையில் பார்க்கிறாள். அதில் யாரும் குணமானதாகத் தெரியவில்லை.

கணவர் பேச்சுக் கட்சி. வாழ்நாளில் பேசாதவர் பேச்சுக்குப் பரிந்து வந்தது எல்லோருக்கும் ஆச்சரியம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, இரு பக்கமும் படித்தார். அதில் மூன்று எழுத்துப்பிழையும் முப்பத்தேழு பக்கவிளைவும் இருந்தன. எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். பக்கவிளைவுகளை உரக்கப் படித்தார்.

"கொட்டாவி வரலாமாம்."

"அவனுக்கு ஏற்கெனவே வருதுங்க."

"வழக்கத்துக்கு மாறான கனவு வரலாமாம்."

"வரட்டும். காலையில எட்டு மணிக்கு முன்னாடி வரட்டும்."

அரிதாக வருவதும் அடிக்கடி வருவதும் ஒரே காகிதத்தில்தான் போட்டிருக்கும், உங்களுக்கு எது வருகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள் என்று மறுநாள் மருத்துவர் போனில் விளக்கினார். கணவர் காகிதத்தை மடித்து வைத்தார். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவருக்கே லேசாக வாய் உலர்ந்தது.

ஆலோசகரை முதல் தடவை பார்க்கப் போக அக்காவுக்கு ஒரு மணி நேரம் அனுமதி வேண்டியிருந்தது. கிளை மேலாளரிடம் போய், "கவுன்சிலரைப் பாக்கணும் சார்" என்றாள்.

"எந்த வார்டு?" என்றார் அவர். "தெருவிளக்குப் பிரச்சினையா?"

உண்மையைச் சொல்ல நா எழவில்லை. ஆமாம் என்றுவிட்டாள். மேலாளர் மகிழ்ந்துபோய், தன் தெருவில் ஆறு மாதமாக வழிந்தோடும் சாக்கடையைப் பற்றி ஒரு மனு எழுதி, அதையும் சேர்த்துக் கொடுத்துவிடச் சொன்னார். மனநல ஆலோசகரின் அறை வாசலில், கைப்பையில் சாக்கடை மனுவோடு உட்கார்ந்திருந்தது உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஆலோசகர் ஐம்பது வயதுக்காரர். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். தன் பொத்தானையே ஒழுங்காகப் போடத் தெரியாதவர் என் தம்பியை என்ன செய்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. கதவு சாத்தப்பட்டது. உள்ளே பேசுவது வெளியே கேட்காதபடி வாசலில் ஒரு மின்விசிறியைச் சத்தமாக ஓடவிட்டிருந்தார்கள். அவள் நாற்காலியைக் கதவருகே நகர்த்தினாள். விசிறிச் சத்தம்தான் நன்றாகக் கேட்டது.

வெளியே வந்த தம்பியைப் படியில் பிடித்தாள். "என்னடா பேசினீங்க?"

"சும்மா பேசினோம்."

"ஐம்பது நிமிஷமா? என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?"

"ஆமா."

"என்ன சொன்னே?"

"அது அந்த அறையோட இருக்கும்க்கா."

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏதோ ஓர் அறையில், பொத்தான் தவறிய ஒரு மனிதரிடம், தன்னைப் பற்றி ஏதோ பதிவாகியிருக்கிறது. எட்டிப் பார்க்க வழியில்லை.

ஆனால் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவள் இல்லை. ஒரு நீளத் தாளை எடுத்துக் கோடு போட்டாள். எழுந்த நேரம், மாத்திரை நேரம், குளித்த நேரம், சாப்பிட்ட நேரம், நடந்த நேரம். அதைத் தம்பியின் சுவரில் ஒட்டினாள். காலை எட்டுக்குக் கூண்டிலிருந்து போன் செய்வாள். "போட்டாச்சா?" மதியம் அவளே போய் மாத்திரை அட்டையை எண்ணுவாள். மாலையில் மறுபடி போன். "இப்ப எப்படி இருக்கு? காலையைவிடப் பரவாயில்லையா? பத்துக்கு எவ்வளவு?"

ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குப் போன் செய்து, பத்துக்குப் போடும் மதிப்பெண் இன்னும் ஏறவில்லையே என்று கேட்டாள். நாலு வாரம் என்று சொன்னோமே அம்மா என்றார் வரவேற்பில் இருந்த பெண். எட்டாம் நாளும் கேட்டாள். பதினோராம் நாள் அந்தப் பெண் குரலை வைத்தே, "இன்னும் ஏறாதும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நாலாம் வாரம் தம்பி தானாக ஜன்னலைத் திறந்தான். ஐந்தாம் வாரம் முகம் மழித்தான். ஆறாம் வாரம் கடைக்குப் போய் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தான். அவ்வளவுதான், விசிலக்கா ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் சும்மா இருப்பாளா? நடத்துநர் ஒருவரின் மைத்துனிக்கும் இதே மாதிரி என்று கேள்விப்பட்டு, நல்லெண்ணத்தில் தம்பியின் கதையை அவரிடம் சொன்னாள். அவர் நல்லெண்ணத்தில் இன்னும் நான்கு பேரிடம் சொன்னார். ஒரு வாரத்துக்குள் பேருந்து நிலையமே நல்லெண்ணத்தில் நிறைந்துவிட்டது. தம்பி தெருவில் நடந்து போகையில் பதினேழாம் தடத்து ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தம்பி, மாத்திரை ஒத்துக்குதா?" என்று கேட்டார். பின்னால் வண்டியில் நாற்பது பேர்.

தம்பி அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறது என்று ஓட்டுநருக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிஷம். அக்கா காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, தாளில் குறித்துக்கொண்டிருந்தாள். தம்பி போனை எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. அழைத்தபடியே ஒரு வண்டிக்கு விசில் ஊதினாள். நினைவில்லாமல் இன்னொன்றுக்கும் ஊதினாள். மருத்துவமனைத் தடத்தின் இரண்டு பேருந்துகளும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி கிளம்பிப் போய்விட்டன. அதற்குப் பிறகு நாற்பது நிமிஷத்துக்கு அந்தத் தடத்தில் வண்டியே இல்லை. கையில் எக்ஸ்ரே உறையோடு நின்ற பெரியவர் ஒருவர் கூண்டின் கண்ணாடியைத் தட்டினார். அவர் பின்னால் முப்பது பேர்.

இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தவறு. மேலாளர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. "நீங்க ரொம்பக் களைச்சுப்போயிருக்கீங்கம்மா. மூணு நாள் லீவு எடுத்துக்குங்க" என்றார். சாக்கடையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

நேரே தம்பியின் அறைக்குப் போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேசையில் அட்டை. அவள் எண்ணினாள். அவள் கடைசியாக எண்ணிய பிறகு ஒரு குழிகூடப் புதிதாகக் காலியாகவில்லை. ஒழுங்காகப் போட்டிருந்தால் இன்று வேறு அட்டை ஆரம்பித்திருக்க வேண்டும். மூன்று நாளாகத்தான் அவள் வேலைப் பளுவில் எண்ண வராமல் இருந்தாள். அதற்கு முந்தைய நாட்களில் அவளுக்குக் காட்ட மாத்திரையைப் பிய்த்துக் குப்பையில் போட்டிருக்கிறான் என்பது கூடையில் கிடந்த மாத்திரைகளைப் பார்த்ததும் தெரிந்தது.

"எத்தனை நாளாடா?"

"ஒரு வாரம் இருக்கும். நிறுத்தினதுலேர்ந்து தலைக்குள்ள சுரீர் சுரீர்னு இழுக்குது. நடந்தா தரை ஆடுது."

"உனக்குப் புத்தி இருக்கா? தானா நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் தலையில அடிச்சுச் சொன்னாங்களே. நான் இங்கே உயிரை விட்டுக்கிட்டு…"

"அக்கா." அவன் குரல் உயரவில்லை. "நீ வந்து அட்டையை எண்ணுறப்ப நான் நோயாளியாயிடுறேன். ரோட்டுல போனா பஸ் டிரைவர் கேக்கிறாரு. வீட்டுக்கு வந்தா சுவத்துல சார்ட் கேக்குது. இதைப் போடலைன்னா நோயாளி இல்லன்னு தோணுச்சு. முட்டாள்தனம்தான். ஆனா அப்படித்தான் தோணுச்சு."

அக்கா அட்டையை மேசையில் வைத்தாள். கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அவள் அழுது தம்பி பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், தலை சுற்றச் சுற்ற எழுந்துபோய், ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு அவனே மருத்துவருக்குப் போன் செய்தான். மருத்துவர் கோபப்படவில்லை. அன்று மாலையே வரச் சொல்லி, மறுபடி எப்படித் தொடங்குவது என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு எப்போதாவது வேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லுங்கள், நாம் சேர்ந்தே மெதுவாகக் குறைப்போம் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆலோசகரின் அறைக்குள் அக்காவும் போனாள். தம்பிதான் அழைத்திருந்தான். இத்தனை வாரம் எட்டிப் பார்க்கத் துடித்த அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. வேறொன்றும் இல்லை. ஆலோசகரின் பொத்தான் இன்றும் ஒரு துளை தள்ளியே இருந்தது.

"உங்களுக்கு எது உதவியா இருக்கு, எது இல்லைன்னு அக்காகிட்ட சொல்லலாமா?" என்று ஆலோசகர் தம்பியைக் கேட்டார்.

தம்பி விரல்களைப் பார்த்தபடி சொன்னான். "போட்டாச்சான்னு கேக்கிறது வேண்டாம். பத்துக்கு எவ்வளவுன்னு கேக்கிறது வேண்டாம். ஊரெல்லாம் சொல்றது வேண்டவே வேண்டாம். மாமா வர்ற மாதிரி வந்தா நல்லாயிருக்கும்."

"எந்த மாமா?"

"உன் வீட்டுக்காரர்தான்க்கா. புதன்கிழமை புதன்கிழமை வர்றாரே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அச்சகத்தில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதமாகப் புதன்தோறும் மாலை மனிதர் மைத்துனனின் அறைக்குப் போயிருக்கிறார். ஒரு கட்டுத் தாள் கொண்டுபோய் மேசையில் விரித்துப் பிழை திருத்துவாராம். தம்பி படுத்திருந்தால் படுத்திருக்கலாம். பேசினால் பேசலாம். முடித்ததும் ஒரு தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம். "ஒண்ணுமே கேக்கமாட்டாரு. ஒரு ஆள் இருக்காருன்னு மட்டும் இருக்கும்" என்றான் தம்பி.

அக்காவுக்கு முதலில் வந்தது பொறாமை. இத்தனை ஓட்டம் ஓடியவளுக்கு இல்லாத பெயர் சும்மா உட்கார்ந்தவருக்கா? ஆனால் ஆலோசகர் அவள் பக்கம் திரும்பி, "நீங்க எதுக்கும்மா பயப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருக்கிற மனிதர்களை அவளுக்குச் சமாளிக்கத் தெரியாது. அவள் வேலையில் சத்தமில்லை என்றால் வண்டி எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம்.

"அன்னைக்குச் சாவி போட்டுத் திறந்தப்ப…" என்று தொடங்கினாள். "உள்ளே என்ன பாக்கப் போறேனோன்னு… அதுக்கப்புறம் தினமும் எட்டு மணிக்குப் போன் போடுறப்பல்லாம் அதே சாவிதான் கையில இருக்கிற மாதிரி இருக்கு. எடுக்கிற வரைக்கும்."

கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"இதைக் கேக்கலாமான்னு தெரியல. கேட்டா அந்த நினைப்பை நானே உண்டாக்கிடுவேனோன்னு பயம்."

"கேட்டா உண்டாகாது. கேளுங்க" என்றார் ஆலோசகர்.

அவள் தம்பியைப் பார்த்தாள். "செத்துப் போயிடலாம்னு தோணுச்சாடா?"

தம்பி நிமிர்ந்தான். "தோணுச்சுக்கா. காலையில முழிக்காம இருந்தா நல்லாயிருக்குமேன்னு. ஏதாவது செஞ்சுக்கணும்னு திட்டம் எதுவும் இல்ல. டாக்டர்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன், சார்கிட்டயும் சொன்னேன். இப்ப அந்த நினைப்பு ஒரு மாசமா வரல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலையை விட்டுட்டு என் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருப்பே."

அது உண்மை என்பதால் மூவரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிப்பும் அழுகையுமாகக் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைப் பாதி காலி செய்தாள்.

பிறகு ஒப்பந்தம் பேசினார்கள். அக்கா பேனாவை எடுக்காமல் இருக்க முடியுமா? எழுதிக்கொண்டாள். அந்த நினைப்பு மறுபடி வந்தால் தம்பி மறைக்காமல் அவளைக் கூப்பிடுவான்; அவள் எடுக்காவிட்டால் மாமாவை; யாரும் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுவான். மாத்திரை அவன் பொறுப்பு. அக்கா ஞாயிறு மாலை வரலாம், வருமுன் சொல்ல வேண்டும், கதவைத் தட்ட வேண்டும். யாரிடம் சொல்வது, சொல்லாமலிருப்பது என்பது அவன் இஷ்டம். சுவர்த் தாளைக் கிழித்துவிடலாம்.

"உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?" என்று முடிவில் கேட்டார் ஆலோசகர்.

"எனக்கென்ன?" என்றாள் அவள் பழக்கத்தில். ஆலோசகர் மறுபடி காத்திருக்கத் தொடங்கியதும் அவசரமாக, "வீட்டுக்காரர்கிட்ட பேசுறேன்" என்றாள்.

அன்று மாலை கணவர் திருத்திக்கொண்டிருந்த தாளின் மேல் கையை வைத்தாள். "புதன்கிழமை எங்கே போறீங்கன்னு ஏங்க என்கிட்ட சொல்லல?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னா நீயும் வருவே. அப்புறம் அங்கே யாரு சும்மா இருக்கிறது?" கொஞ்சம் யோசித்து, "எனக்கும் பயமா இருந்துச்சும்மா. என்ன பேசறதுன்னு தெரியல. அதான் வேலையைத் தூக்கிட்டுப் போனேன்" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளமானது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னாள். அவர் ஓர் இடத்திலும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குச் சுலபமாக அமையவில்லை. முதல் ஞாயிறு கதவைத் தட்டி உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஏழு நிமிஷம் ஒன்றும் கேட்காமலிருந்தாள். எட்டாவது நிமிஷம், "ஜன்னல் திரை அழுக்கா இருக்கே, தோய்க்கட்டுமா?" என்றாள். "அக்கா" என்றான் தம்பி. "சரி, கேக்கல" என்றாள். மறுவாரம் பன்னிரண்டு நிமிஷம் தாங்கினாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுக்கு நன்றாக வருவது புலம்பல். தம்பியைக் கேட்பதற்குப் பதிலாகத் தன் கதையைச் சொன்னாள்: மேலாளர், மலைப்பாதை ஓட்டுநர், சாக்கடை மனு. மனுக் கதையைக் கேட்டுத் தம்பி சிரித்துப் புரையேறினான். அதன்பின் அவனாகவே பேசினான். மாத்திரை போட்டால் எல்லாம் பஞ்சு வைத்த மாதிரி கொஞ்சம் மழுங்கலாக இருப்பதையும், அதை மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றியதையும், ஆலோசகர் வீட்டுப்பாடம் கொடுப்பதையும் சொன்னான்.

"வீட்டுப்பாடமா?"

"தினம் ஒரு வேலை. சின்னதா. செய்யறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு நினைச்சேன், செஞ்சப்புறம் எப்படி இருந்துச்சுன்னு எழுதணும். எப்பவும் நினைச்ச அளவுக்கு மோசமா இருக்கிறதில்ல."

அக்கா அசந்துபோனாள். அதற்கும் தாளில் கோடு போட வேண்டுமாம். பேச்சுக் கட்சியிலும் விஷயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டாள். கணவரும் தன் பங்குக்கு, மாத்திரை இல்லையென்றால் பையன் அந்த அறைவரை நடந்தே போயிருக்கமாட்டான் என்று ஒப்புக்கொண்டார். இரண்டு கட்சியும் கலைந்தன.

அரை நாள் வேலையாகத் தொடங்கி, மூன்று மாதத்தில் தம்பி முழு நாளும் பின்னறையில் உட்கார்ந்தான். தரை சரிந்து யாரும் திரும்பி வரவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் ஆன பிறகு மருத்துவர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஆலோசகரை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றானது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, தம்பி பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "போன மாசம் மறுபடி கொஞ்சம் ஆரம்பிச்சுதுக்கா. ரெண்டு மூணு நாள் எழுந்திருக்கவே கஷ்டமா இருந்துச்சு. முன்னாடி எப்படி வந்துச்சோ அதே மாதிரி. அதான் உடனே போய் டாக்டரைப் பாத்தேன். மாத்திரையைக் கொஞ்சம் ஏத்தினாங்க. சாரையும் வாரா வாரம் பாக்குறேன். இப்ப பரவாயில்ல."

அக்காவின் முகம் சிவந்தது. ஒரு மாதம். நடுவில் நான்கு ஞாயிறு இதே நாற்காலியில் உட்கார்ந்து மேலாளரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்த நினைப்பு வந்துச்சா?" என்று நேராகக் கேட்டாள்.

"இல்ல. வந்திருந்தா உன்னைக் கூப்பிட்டிருப்பேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். கடை முதலாளிக்கும் சொன்னேன். லீவு வேணும்ல."

ஆக, கடைசியாகத் தெரிந்தது அவளுக்குத்தான். அவமானமாக இருந்தது. அவமானத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் இருந்தது; அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தன்னைக் கேட்காமல், தானே எழுந்து, தானே சட்டை போட்டுக்கொண்டு, மழையில் குடையோடு மருத்துவரைப் பார்க்கப் போன ஒருவனை நினைத்துப் பார்த்தாள். கேட்பதற்கு முப்பது கேள்வி தொண்டைவரை வந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"டீ போடவா?" என்றான் தம்பி.

"போடு" என்றாள். அவன் எப்போதும் சர்க்கரையை இரண்டு மடங்கு போடுவான். குடித்து முடிக்கும்வரை அவள் அதைக்கூடச் சொல்லவில்லை.